கஞ்சியைக் கடைசியில் ஊற்று

மேடையில் ஏறி உட்காருவதற்கு முன்னால் ஒரு தடவை ஒன்றுக்குப் போய்விட்டு வந்திருக்கலாம் என்று மாசிலாமணிக்குத் தோன்றியபோது குத்துவிளக்கின் ஐந்தாவது திரியும் எரியத் தொடங்கியிருந்தது. இனி அவ்வளவுதான். எழுந்தால் முந்நூறு பேர் பார்ப்பார்கள். எழுபத்து நாலு வயதுக் கிழவன் கூட்டம் தொடங்கின கையோடு மேடையை விட்டு இறங்கி எங்கே ஓடுகிறான் என்று கண்டுபிடிக்க யாரும் கெமிஸ்ட்ரி படித்திருக்க வேண்டியதில்லை. இருக்கட்டும், அடக்கிக்கொள்ளலாம். எதைத்தான் அடக்கவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக அடக்கி வைத்திருப்பதற்கு முன்னால் இது எம்மாத்திரம். பேசப் போவது ஐந்தே நிமிஷம், அதுவும் கடைசியில். அவரிடம் இருப்பதோ மூன்றே வாக்கியம், அதற்கு ஐந்து நிமிஷமும் வேண்டாம். சைலம் சார் என் ஆராய்ச்சிக் கட்டுரைக் கட்டை ஒன்பது வருஷம் திருப்பித் தராமல் வைத்திருந்தார். அதில் மூன்றாவது அத்தியாயம் சரி, அவருடைய கணக்குத் தப்பு. அது அவருக்குத் தெரியும். மூன்றும் சொல்லிவிட்டு வணக்கம் வைத்துவிட்டு நேரே கழிப்பறைக்குப் போய்விடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் அப்புறம் என்ன. பின்னால் திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் சிவசைலம் முதலாம் ஆண்டு நினைவுக் கூட்டம் என்று ஆளுயரத்துக்கு பேனர். சாரின் சிரிப்பு அப்படியே இருந்தது, கீழ் உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, பயலுவளை எல்லாம் மன்னித்து பாஸ் போட்டுவிட்டேன் என்கிற மாதிரி. வலது தோளுக்குப் பக்கத்தில் கால் அங்குலத்துக்கு வெள்ளைச் சட்டை தெரிந்தது. அது மாசிலாமணியின் தோள். எண்பத்தாறாம் வருஷ ஆண்டு விழாவில் எடுத்த படம். வெட்டினவன் ஒழுங்காகவும் வெட்டவில்லை. முழுசாகப் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, இப்படி ஒரு ஓரம் மிச்சம் வைத்திருப்பதுதான் என்னவோ போலிருந்தது. எப்படி ஆரம்பிப்பது? அவையோருக்கு வணக்கம் என்றா, நேரடியாகவா?

துணைவேந்தர் பேசிக்கொண்டிருந்தார். அவர் வெளியூர்க்காரர், சாரைப் பார்த்ததே இல்லை, ஆனால் பார்த்தவர்களைவிட நன்றாகப் பேசினார். முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்துக்கு இன்று முதல் சிவசைலம் ஆய்வுக்கூடம் என்று பெயர், வாசலில் கருங்கல்லில் சார் சொன்ன பொன்மொழியையும் பொறித்திருக்கிறோம் என்றார். என்ன பொன்மொழி என்று மாசிலாமணிக்குக் காலையிலேயே தெரியும், கல்லைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். கஞ்சியைக் கடைசியில் ஊற்று. கெமிஸ்ட்ரி தெரியாதவன் பார்த்தால் இது என்ன அன்னதானக் கூடமா என்று கேட்பான். துறைத்தலைவி செண்பகவல்லி மைக்கைப் பிடித்து அதை விளக்கினாள், அவளும் அந்தக் கூடத்தில் படித்தவள்தான், மாசிலாமணி கையால் பரீட்சைக்கு உப்புப் பொட்டலம் வாங்கினவள்தான். அயோடின் கலந்த கரைசல் குடுவையில் இருக்கிறது, மேலே கண்ணாடிக் குழாயிலிருந்து தயோசல்பேட் என்கிற தயோ கரைசல் சொட்டுச் சொட்டாக விழுகிறது, பழுப்பு நிறம் வெளுத்து வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகுதான் ஸ்டார்ச் கரைசலை ஊற்ற வேண்டும், ஊற்றினால் கருநீலம், அந்த நீலம் சட்டென்று மறைகிற சொட்டுதான் முடிவு. ஸ்டார்ச்சை முதலிலேயே ஊற்றினால் அது அயோடினைப் பிடித்துக்கொண்டு விடாது, முடிவு தள்ளிப்போகும், அளவு தப்பாகும். அதைத்தான் சைலம் சார் கஞ்சி என்பார். கஞ்சியை முதல்லயே ஊத்துனவன் கெட்டான்டே, அது பிடிச்சுக்கிட்டு விடாது, சொந்தக்காரன் மாதிரி. வகுப்பே சிரிக்கும். வருஷா வருஷம் அதே சிரிப்பு. இப்போதும் அரங்கம் சிரித்தது, பின்வரிசையில் வழுக்கைத் தலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சிரித்தன. மாசிலாமணி சிரிக்கவில்லை. ஏனென்றால் எண்பத்தொன்றாம் வருஷம் வரைக்கும் சார் அதைப் பத்தோடு பதினொன்றாகத்தான் சொல்வார், பிப்பெட்டை வாயால் ரொம்ப உறிஞ்சாதே, குடுவையை ஆட்டிக்கொண்டே இரு, ஸ்டார்ச்சைக் கடைசியில் ஊற்று என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எண்பத்திரண்டிலிருந்துதான் அது கஞ்சியானது, சொந்தக்காரன் ஆனது, பொன்மொழியானது. ஏன் எண்பத்திரண்டிலிருந்து என்று இந்த முந்நூறு பேரில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எப்படித் தோன்றும்.

அடுத்து பழைய மாணவன் குற்றாலிங்கம் எழுந்தான். பெயிண்டுக் கம்பெனி வைத்து, கரைவேட்டிக்குப் பொருந்தாத கைக்கடிகாரம் கட்டி, ஆய்வுக்கூடத்துக்குப் புது மேஜைகள் போட்டுத் தந்தவன். பேச எழுந்தவன் எடுத்த எடுப்பில் மூக்குக் கதையைச் சொன்னான். பரீட்சை நாள், முப்பது பயல்கள், முப்பது பொட்டலம், யாருக்கு என்ன உப்பு என்று கடவுளுக்கும் தெரியாது, சைலம் சார் வாசல்படியிலேயே நின்று மூக்கை ஒரு உறிஞ்சு உறிஞ்சுவாராம், மூன்றாவது மேஜையில் ஆர்சனிக் இருக்கு, ஏழாவது மேஜைக்காரன் நிக்கலைக் கோபால்ட்டுன்னு எழுதுதான், போய்ச் சொல்லுங்கடே என்பாராம். கைதட்டல். மாசிலாமணி தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டார். மூக்கு! அந்த முப்பது பொட்டலத்தையும் முந்தின நாள் மத்தியானம் தராசில் நிறுத்துக் கட்டினது இந்தக் கை. எந்த எண்ணுக்கு எந்த உப்பு என்று கார்பன் பேப்பர் வைத்து இரண்டு பிரதி எழுதி, ஒன்றைச் சாரின் சட்டைப்பையில் செருகினதும் இந்தக் கை. சாருக்கோ பாதி நாள் ஜலதோஷம், பக்கத்தில் அழுகின முட்டை நாற்றத்தில் வாயு பொங்கினால்கூட என்னடே வாசனை என்று கேட்கிற மூக்கு அது. மூக்குக் கதையைக் கட்டினது மாசிலாமணி. கேன்டீனில் வாழைக்காய் பஜ்ஜி ஆறுவதற்குள் கட்டினார். அன்றைக்குப் புதுசாகச் சேர்ந்த பயல்கள் நாலு பேர், சைலம் சார் எப்படி சார் என்று கேட்டார்கள், நல்லாப் பாடம் நடத்துவார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், வாய் சும்மா இருக்கவில்லை. அப்புறம் ஒன்று கேட்டவன் இன்னொன்று கேட்டான். சார் கண்ணாடித் தம்ளரைத் தட்டிப் பார்த்தே அதில் என்ன அமிலம் இருந்தது என்று சொன்ன கதை, சாரைக் கடித்த தேள் செத்துப்போனதும் அதை அறுத்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் நீலமாக இருந்த கதை, மதுரை ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் வெற்றிலையில் தடவின சுண்ணாம்பைப் பார்த்தே எந்த ஊர்க் காளவாய் என்று சொன்ன கதை. இருபது இருபத்தைந்து இருக்கும். ஒன்றுகூட அசலாக நடந்ததில்லை, ஆனால் எல்லாவற்றிலும் அச்சு அசல் சார்தான். ஏன் கட்டினீர் என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது. ஒருவன் ஆறு வருஷ உழைப்பை இன்னொருத்தர் மேஜைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு நிற்கிறான். அந்த இன்னொருத்தர் சாதாரண மனுஷன் என்றால் நிற்கிறவன் வெறும் மடையன். அவர் சாமி என்றால் இவன் பக்தன், மரியாதையாவது மிஞ்சும். கோயில் பெரிசானால்தானே வாசலில் செருப்புக்குக் காவல் இருக்கிறவனுக்கும் ஒரு கெத்து. அதற்காகத்தான் கோபுரத்தை உயர்த்திக்கொண்டே போனார். ஞானத்துக்கு, அவர் மனைவிக்கு, அது தெரியும். சாயங்காலம் சைக்கிளை நிறுத்தும்போதே கேட்பாள், இன்னைக்கு எத்தனை அடி உசத்துனீங்க.

மூன்றாவது அத்தியாயம். அதை எப்படிச் சொன்னால் புரியும். சாரின் பெயரை ஊர் அறிந்தது பாடத்தால், உலகம் அறிந்தது ஒரே ஒரு எண்ணால். இளமையில் டாக்டர் பட்டத்துக்குச் செய்த வேலை, ஒரு வேதிவினை என்ன வேகத்தில் நடக்கிறது என்கிற எண், வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் அட்டவணையில் ஒரு வரியாக உட்கார்ந்திருந்தது, அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு அறையில் மாட்டியிருந்தார்கள். மாசிலாமணி சாரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தபோது, அதே வினையை வேறு வெப்பநிலைகளில் செய் என்று சொன்னார் சார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டியிலிருந்து கொஞ்சம் எடு, தயோ விடு, எழுது. ஆறு வருஷம். கனவில்கூடச் சொட்டு விழும். முதலில் சார் செய்த வெப்பநிலையிலேயே ஒரு தடவை செய்து பார்த்துக்கொள்வோம் என்று ஆரம்பித்தார், சாரின் எண் வரவில்லை. நூறு தடவை செய்தார், வரவில்லை, ஆனால் நூறு தடவையும் ஒரே எண் வந்தது, அதுதான் பயமுறுத்தியது. தன்மேல்தான் சந்தேகம். மருந்து மாற்றினார், தண்ணீர் மாற்றினார், வெப்பமானி மாற்றினார், ஒரு வாரம் சுருட்டு பிடிப்பதை நிறுத்தினார். கடைசியில் அலமாரியின் அடித்தட்டில் சாரின் பழைய நோட்டு கிடைத்தது, கரையான் அரித்த அட்டை, உள்ளே முத்து முத்தான எழுத்து. பத்து மில்லி எடுத்து, இரண்டு மில்லி ஸ்டார்ச் சேர்த்து, பிறகு தயோ விடுக. பிறகு. மாசிலாமணி அந்தப் பிறகுவை எத்தனை தடவை படித்தாரோ. ஸ்டார்ச் முதலில், தயோ பிறகு. சாருக்கு அந்தக் காலத்தில் யாரும் சொல்லித் தரவில்லை, இல்லை அவசரம், இல்லை சின்ன வயசு. அன்று சாயங்காலமே அந்தத் தப்பை அப்படியே செய்து பார்த்தார். ஒவ்வொரு அளவும் அரை மில்லி தள்ளிப்போய், சாரின் எண் பைசா சுத்தமாக வந்து நின்றது. தப்பைச் சரியாகச் செய்தால்தான் சாரின் கணக்கு வரும். இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று மாசம். எழுதினார். நோட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை, ஸ்டார்ச் கடைசியில் சேர்க்கப்பட்டது என்று மட்டும் மூன்றாவது அத்தியாயத்தில் ஒரு வரி, அதன்கீழ் புது எண். எண்பத்திரண்டில் பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் கட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தார். சார் அட்டையைத் தடவிப் பார்த்தார், பிள்ளையைத் தடவுகிற மாதிரி. பாக்கேன் மாசி என்றார். அதுதான். வைகாசியில் கேட்டார், பாக்கேன் என்றார். அடுத்த வருஷம் கேட்டார், பாக்கேன்டே, அவசரப்படாதே என்றார். இன்னொரு பேராசிரியரிடம் மாற்றிக்கொள்ளலாமா என்று போய் நின்றார், சைலம் சார் பிள்ளையை நான் எடுத்தா ஊர்ல என்னை விட்டுவைப்பானா என்று அவர் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார். ஊர் அவரை எப்படி விட்டுவைக்கும், ஊருக்குக் கதை சொல்லிக்கொடுத்தது யார்? ஒன்பது வருஷம் கழித்து, தொண்ணூற்றொன்றில், பதிவுக் காலம் காலாவதி ஆகிவிட்டது என்று அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. செய்முறை வகுப்பில் உதவுகிற டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தார், டெமான்ஸ்ட்ரேட்டராக ஓய்வு பெற்றார்.

செண்பகவல்லி பக்கத்தில் வந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினார், இருக்கிற தண்ணீருக்கே வழி இல்லை. அடுத்து சாரோட மக பேசுதாங்க, அப்புறம் நீங்கதான் என்று காதருகில் சொல்லிவிட்டுப் போனாள். சரி. சைலம் சார் என் ஆராய்ச்சிக் கட்டை. இல்லை, கட்டு என்றால் இவர்களுக்குப் புரியுமா, தீஸிஸ் என்றே சொல்லிவிடலாம். சைலம் சார் என் தீஸிஸை ஒன்பது வருஷம். கெட்டவர் என்று சொல்லப் போவதில்லை. அதுதானே தொல்லை, கெட்டவராக இருந்திருந்தால் அன்றைக்கே சட்டையைப் பிடித்திருக்கலாம். ஞானத்துக்குக் கர்ப்பப்பை எடுத்தபோது பதினாலு நாள், ஒரு நாள் விடாமல், சாயங்காலம் ஐந்து மணிக்கு தூக்குவாளியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். ரசஞ்சாதம், அவரே பிசைந்து கொண்டுவருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஞானத்திடம் பீரியாடிக் டேபிளைச் சொந்தக்காரர்களின் சண்டையாகச் சொல்லுவார், தையல் பிரியும் சார் என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர் போனதும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு நாள் சொன்னாள். “நல்ல மனுஷன்தான். ஆனா உங்க கட்டைக் குடுக்கச் சொல்லுங்க. ரசஞ்சாதத்தை வச்சு அதை அடைக்க முடியாது.” அவள் போய் ஆறு வருஷமாகிறது, அவளையும் சார்தான் முதலில் வந்து பார்த்தார், எண்பத்தைந்து வயதில், கைத்தடியோடு, இரண்டு மாடி ஏறி. ஒருத்தரை முழுசாக வெறுப்பதற்குக்கூட அவர் ஒத்தாசை செய்ய வேண்டியிருக்கிறது, சார் அதையும் செய்யவில்லை. ஆனால் ஸ்டோர்! ஆடி மாசம் முதலாம் ஆண்டுக்கு அந்தக் கஞ்சி வகுப்பு வரும், குடுவை, குழாய் எல்லாம் மாசிலாமணி துடைத்து வைத்திருப்பார், சார் ஆரம்பிப்பதற்கு முன்னால் இவர் பக்கம் திரும்பாமலே சொல்வார். ஏ மாசி, ஸ்டோர்ல பிப்பெட் எத்தனை இருக்குன்னு பாத்துட்டு வாயேன். முதல் வருஷம் ஓடிப்போய் எண்ணிக்கொண்டு வந்தார், நாற்பத்திரண்டு சார் என்றார், சார் என்ன நாற்பத்திரண்டு என்கிற மாதிரி பார்த்தார். மூன்றாவது வருஷம்தான் உறைத்தது. அதன் பிறகு போய் இருட்டறையில் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் சாரின் குரல் ஏறும், கஞ்சியை முதல்லயே ஊத்துனவன் கெட்டான்டே. சிரிப்பு சுவரைத் தாண்டி வரும். சிரிப்பு அடங்கினதும் எழுந்து வருவார். சார் ஓய்வு பெறுகிற வரைக்கும் பத்து ஆடி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மாசிலாமணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல சாரால் முடியவில்லை. அதைக் கருங்கல்லில் வெட்டிவிட்டார்கள்.

காந்திமதி பேசத் தொடங்கியிருந்தாள், சாரின் ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள், அப்பாவின் கீழ் உதடு. அப்பா வீட்டில் ஆய்வுக்கூடத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார், ஆனால் ஒரு கதை மட்டும் நாங்கள் கேட்டுக் கேட்டு வளர்ந்தோம் என்றாள். மாசிலாமணிக்கு என்னவென்று தெரிந்துவிட்டது, வேண்டாம் தாயே என்று மனசு சொன்னது, ஆனால் அவள் சொல்லிவிட்டாள். அப்பாவுக்கு ஒரு தடவை மெட்ராஸ் ஐ வந்து இரண்டு கண்ணும் திறக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார். பையன்கள், இன்றைக்கு வேண்டாம் சார் என்றார்கள். அப்பா காதைக் குழாயிடம் கொண்டுபோய், சொட்டு விழுகிற சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்து, இதுதான் என்று குழாயின் திருகை மூடினார். பார்த்தால் மிகச் சரியாக முடிவுச் சொட்டு. கடைசிச் சொட்டு விழுகிறபோது சத்தம் மாறும் என்று அப்பா சொல்வார், எங்களுக்குச் சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக் காட்டுவார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மாசிலாமணி உட்கார்ந்திருந்தார், எழ முடியவில்லை, எழுந்தால் நனைத்துவிடும் என்பது ஒரு காரணம். மெட்ராஸ் ஐ நெசம், கறுப்புக் கண்ணாடி நெசம். பக்கத்தில் நின்று இப்ப மூடுங்க சார் என்று முழங்கையால் தொட்டது மாசிலாமணி. சத்தம் மாறுவது கேன்டீனில் பிறந்தது, பஜ்ஜிக்கும் காப்பிக்கும் நடுவில். அப்படியானால் சார் அதைக் கேட்டிருக்கிறார். யாரோ ஒரு பயல் சாரிடமே போய் உங்களைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறான், சார் மறுக்கவில்லை, மறுக்காததோடு வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மகளுக்கு ஊட்டியிருக்கிறார், சமையலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு. மாசிலாமணி கொடுத்ததில் நெசத்தைச் சார் மேஜைக்குள் வைத்துப் பூட்டினார், பொய்யை வீட்டுக்குக் கொண்டுபோனார். இதை நினைத்தபோது சிரிப்பு வந்தது, நல்ல வேளை எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேஜைக்குள்கூட இல்லை, அலமாரிக்குள். மூன்று வாரத்துக்கு முன் காந்திமதிதான் கூப்பிட்டிருந்தாள், அப்பா புத்தகங்களைத் துறைக்குக் கொடுத்துவிடுகிறேன், பிரித்துத் தாருங்கள் அங்கிள் என்று. கீழ்த்தட்டில், டிக்‌ஷனரிகளுக்குப் பின்னால், பச்சைக் காலிகோத் துணி அட்டை போட்ட அந்தக் கட்டு. தன் பிள்ளையைத் தெருவில் பார்த்த மாதிரி இருந்தது, அடையாளம் தெரிந்தது, கூப்பிடத் தோன்றவில்லை. திறந்தார். புரட்டாமலே கிடந்திருக்கும் என்றுதான் இத்தனை வருஷமும் எண்ணிக்கொண்டிருந்தார், அப்படி எண்ணுவதில் ஒரு ஆறுதலும் இருந்தது, சாருக்கு நேரமில்லை, மறந்துவிட்டார், சோம்பல், எதுவும் இருக்கலாமே. பக்கத்துக்குப் பக்கம் பென்சில். கமா, முற்றுப்புள்ளி, ஒரு இடத்தில் தசமப் புள்ளி விட்டுப்போனது, எல்லாவற்றையும் சார் திருத்தியிருந்தார். கடைசிப் பக்கத்தில் தேதி, கட்டைக் கொடுத்த ஒன்பதாம் நாள். ஒன்பது நாள். மூன்றாவது அத்தியாயத்தில் அந்த எண் இருந்த பக்கத்தில் மட்டும் பென்சில் இல்லை, சிவப்பு மசி. ஓரத்தில் சாரே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்திருந்தார், இரண்டு தடவை, இரண்டு தடவையும் மாசிலாமணியின் எண்ணே வந்திருந்தது. அதன்கீழ் ஒரே வார்த்தை. சரி. அந்த வார்த்தையைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. பாக்கேன் பாக்கேன் என்று சொன்னபோதெல்லாம் பார்த்து முடித்தாயிற்று. காந்திமதி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன அங்கிள் அப்பா எழுத்தா என்றாள். ஆமாம்மா என்றார். கட்டு இப்போது வீட்டில் பீரோவில் இருக்கிறது, ஞானத்தின் பட்டுச் சேலைக்கு அடியில். இன்று கொண்டுவந்திருக்கலாம். காலையில் பைக்குள் வைக்கவும் வைத்தார், எடுத்தும் விட்டார். காகிதத்தைக் காட்டி நம்பவைக்க அவர் என்ன தாசில்தார் ஆபீஸில் மனுவோடு நிற்கிறாரா. நாற்பது வருஷம் இந்தத் துறையில் நின்ற ஆள் வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் போதாதா. போதும். வேண்டியது பட்டமும் இல்லை, கல்லில் பேரும் இல்லை. இந்த முந்நூறு பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், அடடா அப்படியா மாசி என்று முகம் மாறினால் போதும். மூன்றாவது அத்தியாயம் சரி என்று இன்னொரு மனித மண்டைக்குள் இருக்க வேண்டும், அவர் போவதற்குள்.

“இப்ப நாம எல்லாரும் காத்துக்கிட்டிருக்கிற ஆளு,” என்று செண்பகவல்லி மைக்கில் சொன்னபோதே விசில் கிளம்பியது. அப்புறம் அவள் ஏதோ சொன்னாள், நம்ம மாசி சார் ரெண்டு கதை சொல்லாம இந்தக் கூட்டம் எப்படி முடியும் என்கிற மாதிரி. கால்கள் மரத்திருந்தன, அடிவயிற்றைப் பிடித்துக்கொள்ளாமல் நடப்பதற்கே கவனம் முழுசும் போயிற்று. மைக் வாய்க்கு மேலே இருந்தது, யாரோ வந்து தாழ்த்தினார்கள். முகங்கள். எல்லாம் இவர் உப்புப் பொட்டலம் கட்டிக்கொடுத்த முகங்கள், நரைத்து, உப்பி, பல் கட்டி, சிரிப்பதற்குத் தயாராக. வணக்கம் சொல்லவில்லை. நேரே சொன்னார். “சைலம் சார் என் தீஸிஸை ஒன்பது வருஷம் வச்சிருந்தாரு. அதுல மூணாவது அத்தியாயம் சரி, அவரோட கணக்குத் தப்பு. அது அவருக்குத் தெரியும்.” அவ்வளவுதான், மூன்றும் வெளியே வந்துவிட்டது, குரல்கூட நடுங்கவில்லை. பிறகு மூன்றாவது வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பரவியது. குற்றாலிங்கம் தொடையைத் தட்டினான், செண்பகவல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். மாசிலாமணிக்குப் புரியவில்லை, பிறகு புரிந்தது, பிறகு புரிந்ததை நம்ப முடியவில்லை. “இது கதை இல்ல, நெசம்,” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அவருடைய ஒவ்வொரு கதையும் அந்த வாக்கியத்தில்தான் தொடங்கும். அரங்கம் அலறியது, பின்வரிசையில் எழுந்து நின்றார்கள், ஒருவன் போனை உயர்த்திப் படம்பிடிக்கத் தொடங்கினான். பேசாமல் நின்றார். பேசாமல் நின்றால் தெரியும், முகத்தைப் பார்த்தால் தெரியும். அவர் நிற்க நிற்க அவர்கள் முன்னால் சாய்ந்தார்கள், சத்தம் அடங்கியது, ஒருத்தர்க்கொருத்தர் உஷ் என்றார்கள், முடிச்சை அவிழ்ப்பதற்கு முன்னால் மாசி சார் இப்படித்தான் நிற்பார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். காந்திமதி முன்வரிசையில், ஈரக் கண்ணோடு, கீழ் உதட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, அப்பாவைப் பற்றி இன்னும் ஒன்று, இன்னும் ஒரே ஒன்று என்று கையேந்துகிறவள் மாதிரி பார்த்தாள். பீரோவில் சிவப்பு மசி இருக்கிறது அம்மா என்று சொல்லலாம். வா, வீட்டுக்கு வந்து பார் என்று சொல்லலாம். முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனிமேல் இவர்களிடம் எந்த மொழியில் சொல்வது. எவ்வளவு நேரம் நின்றாரோ, வாய் தானாகத் திறந்தது, அதற்குப் பழக்கம். “ஒருநாள் பொறுக்காமக் கேட்டேன். ஏன் சார் தர மாட்டேங்கீங்கன்னு. அதுக்கு அவரு சொல்லுதாரு, மாசி, ராத்திரி படுக்கும்போது உன் தீஸிஸ்ல முதல் பக்கம் படிப்பேன்டே, ரெண்டாம் பக்கம் போனதே கிடையாது, அதுக்குள்ள அப்படி ஒரு தூக்கம். ஒன்பது வருஷத்துல அந்தப் பக்கம் தேஞ்சு மறுபக்கம் தெரியுது. இதை நீ கொண்டுபோயிட்டா எனக்கு மாத்திரை யாரு வாங்கித் தருவா?” முதலில் காந்திமதிதான் சிரித்தாள், கைக்குட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க. பிறகு கூரை இடிகிற மாதிரி எல்லாரும். ஆமா, அப்பா அப்படித்தான் சொல்லியிருப்பாரு, அவரேதான் என்று அவள் பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது உதட்டசைவில் தெரிந்தது. யாரோ வந்து பொன்னாடை போர்த்தினார்கள், யாரோ கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தடுமாறி நாற்காலிக்கு வந்து சேர்ந்தபோது குற்றாலிங்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவர் காதருகில் சாய்ந்தான்.

“இதை நான் கேட்டதே இல்லையே மாசி சார். எப்பக் கட்டுனது?”

“இப்பத்தான்,” என்றார் மாசிலாமணி.